மயங்க் யாதவின் முதுகை விட்டுவிடுங்கள்

ஐபிஎல்லில் லக்னோ அணிக்காக வீசிய வேகப்பந்து வீச்சாளர் மயங்க் யாதவைப் பற்றி யார் பதிவு போட்டாலும், எப்போதும் காயம்தான் என்று கீழே வந்து 'கண்ணாடி உடம்பு' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

2024 மார்ச் 30. ஐபிஎல் ஆட்டம், லக்னோவில் பஞ்சாப் 200 ரன்னைத் துரத்திக்கொண்டிருந்தது. விக்கெட் இழக்காமல் நூறைத் தாண்டிவிட்டார்கள். இனி என்ன இருக்கிறது என்று நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அந்த 21 வயதுப் பையன் ஓடி வந்தான். பேர்ஸ்டோ, பிரப்சிம்ரன், ஜித்தேஷ் என்று மூன்று பேர் போனார்கள். திரையில் மணிக்கு 155.8 கிலோமீட்டர் என்று வந்தபோது தட்டைக் கையில் பிடித்தபடி டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றே நாளில் பெங்களூரு அணியோடு அடுத்த ஆட்டம். கேமரன் கிரீனுக்குப் போட்ட பந்தை இன்னும் மறக்க முடியவில்லை. குட் லெந்த்துக்கு, அதாவது முன்னால் வருவதா பின்னால் போவதா என்று மட்டையாளர் குழம்பும் இடத்துக்கு, சற்று முன்னால் குத்தி, லேசாக விலகியது. கிரீன் கிரீஸிலேயே நின்று தடுக்கப் பார்த்தார். மட்டையைத் தாண்டிப் போய் ஆஃப் ஸ்டம்பின் தலையில் பட்டது. ஆறரை அடி ஆள், ஆஸ்திரேலியாவின் வேகமான ஆடுகளங்களில் வளர்ந்தவர், அவருக்கே நேரம் போதவில்லை. அன்று 14 ரன்னுக்கு 3 விக்கெட், அதிவேகப் பந்து 156.7. இரண்டு ஆட்டத்திலும் ஆட்ட நாயகன் அவர்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒரே ஓவரோடு வலியில் வெளியே போனார். ஏப்ரல் 30 அன்று திரும்பி வந்து, நான்காவது ஓவரில் ஒரு பந்து போட்டதும் மறுபடியும் வெளியே. அந்த சீசனில் அவர் வீசியது மொத்தமே 12.1 ஓவர். 73 பந்து! அதை வைத்து நாம் என்னவெல்லாம் பேசினோம்? உலகக் கோப்பைக்கு அழைத்துப் போ, ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போ என்று எழுதினோம். நானும் எழுதினேன். அதுவரை அவர் ஆடியிருந்தது மாநில அணிகள் மோதும் உள்ளூர் ரஞ்சிக் கோப்பையில் ஒரே ஒரு ஆட்டம் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அக்டோபர் 6, குவாலியர். வங்கதேசத்துக்கு எதிராக இந்தியாவுக்காக முதல் ஆட்டம், முதல் ஓவரே மெய்டன், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஏப்ரலில் காயத்தோடு போனவர் அதற்குப் பிறகு ஆடிய முதல் போட்டியே அதுதான். உள்ளூர் ஆட்டம் எதிலும் உடம்பைச் சோதித்துப் பார்க்காமல் நேராக இந்திய அணி. மூன்று ஆட்டம் முடிந்ததும் முதுகு போனது. 11 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டு 2025 ஐபிஎல்லுக்குத் திரும்பியபோது அந்த வேகம் இல்லை. அவருடைய நான்கு ஓவரில் பஞ்சாப் அடித்த 60 ரன்னோடு அவருக்கு அந்த சீசனும் முடிந்தது.

இதில் அந்தப் பையன் செய்த தப்பு என்ன?

வேகமாக வீசுகிறவன் முன்னங்காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து, சாய்ந்து, திரும்புகிறது. அந்த அடியெல்லாம் கீழ் முதுகெலும்பில், வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் போய்ச் சேரும். இருபதுகளின் தொடக்கத்தில் அந்த எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் தாங்கும். ஓய்வில் இருந்தவனை எழுப்பித் திடீரென்று முழு வேகத்தில் வீசச் சொன்னால் விரிசல் விடும்.

எனக்கு இது புத்தக விஷயம் இல்லை. 19 வயதில் மாவட்ட அளவில் வீசிக்கொண்டிருந்தேன். வலது கை. வலி இடுப்புக்கு மேலே இடது பக்கம். காலையில் குனிந்து சாக்ஸ் போட முடியாது, கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினால் அம்மா மாட்டிவிடுவார். 'தைலம் தேச்சுட்டு இறங்குடா, எல்லாருக்கும் வர்றதுதான்' என்றார் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இறங்கினேன். நான்கு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது விரிசல் தெளிவாகத் தெரிந்தது. அதோடு வேகப்பந்தை விட்டேன். அதனால்தான் 'கண்ணாடி' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 18 வயதில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன்னுக்கு 6 விக்கெட், வெற்றி ரன்னை அடித்ததும் அவர்தான். அடுத்த டெஸ்ட் எப்போது? 2017 மார்ச், ராஞ்சி. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல். முதுகில் திரும்பத் திரும்ப விரிசல். வீசும் முறையையே மாற்றிப் பழகினார். ஒருநாள், டி20 என்று அவ்வப்போது ஆடினாலும், ஐந்து நாள் ஆட்டத்துக்கு அந்த உடம்பு தயாராகும்வரை காத்திருந்தார்கள்.

நம்மிடம் அந்தப் பொறுமை இல்லை. வேகப்பந்து வீச்சாளர் உம்ரான் மாலிக் 2022 ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்காக 22 விக்கெட் எடுத்தார், 157 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அடுத்த உலகப் புயல் என்றோம். 2024-ல் அதே அணி அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு ஆட்டம். பந்தை எந்தத் திசையில், எங்கே குத்துவது என்ற லைன், லெந்த், ஒரு நாளில் மூன்று ஸ்பெல் (தொடர்ந்து சில ஓவர்கள்) வீசும் தெம்பு எல்லாம் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன்னில் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளும் இடம் உள்ளூர் நான்கு நாள் கிரிக்கெட். அங்கே கேமராவும் குறைவு, கூட்டமும் கிடையாது.

மயங்குக்கு நான் கேட்பது அந்த இடத்தைத்தான். ஒரு முழு ரஞ்சி சீசன். முதலில் நாளுக்குப் பத்து ஓவர், அப்புறம் பன்னிரண்டு, அப்புறம் பதினைந்து. 140-ல் வீசினாலும் பரவாயில்லை. ஐபிஎல்லில் அவரை வைத்திருக்கிற அணி அதற்காக ஒரு சீசனை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால், கொடுக்கட்டும். போட்ட பணத்துக்கு அதுதான் நல்லது.

ஏதோ ஒரு டிசம்பர் காலையில், அவருடைய மாநில அணியான டெல்லி ஆடும் ரஞ்சி ஆட்டத்தின் மூன்றாம் நாள் ஸ்கோர்கார்டில் அவர் பெயருக்கு நேராக 18 ஓவர் என்று இருக்க வேண்டும். விக்கெட் எத்தனை என்றுகூட நான் பார்க்கமாட்டேன். மறுநாளும் அவர் வீச வந்தாரா என்றுதான் பார்ப்பேன்.