பாலிஃபீனாலுக்கு 50 காசு

(மலேசியா, பினாங்கு, ஜார்ஜ்டவுன். லெபு பசாரில் ஒரு தேத்தண்ணீர்க் கடை. ‘தே தாரிக்’ என்னும் பால் தேத்தண்ணீரை ஆற்றுபவர் முத்து, குடிப்பவர் ஓய்வுபெற்ற ராஜு.)

ராஜு: தே தாரிக் 2 வெள்ளிதானே? 2 வெள்ளி 50 காசு என்கிறாய்!

முத்து: பலகையைப் படியுங்கள் அண்ணே. ‘குடல் புற்றுநோயை விரட்டும் பாலிஃபீனால் நிறைந்தது.’

ராஜு: தேயிலையில் இயல்பாகவே உள்ள பொருள்தானே அது! நேற்றுவரை இல்லையா?

முத்து: இருந்தது. விவரம் தெரியாமல் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ராஜு: பச்சைத் தேயிலையில் ஈஜிசிஜி என்றொரு பாலிஃபீனால் உண்டு. ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றணுக்களை அது மடக்குகிறது. நீ ஆற்றுவது கறுப்புத் தேயிலை. பதப்படுத்தும்போதே ஈஜிசிஜியில் பெரும்பகுதி தியாஃப்ளேவின் போன்றவையாக மாறிவிடும்.

முத்து: செடி ஒன்றுதானே?

ராஜு: நீயும் உன் தம்பியும்கூட ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். அவன் கடன் வாங்குவதில்லையே!

முத்து: தியாஃப்ளேவினும் நல்லதுதானாம்.

ராஜு: அதன் தலையில்தான் கெட்டிப்பாலைக் கொட்டுகிறாயே! பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முத்து: சரி, மஞ்சள் பால் போடட்டுமா? மஞ்சளிலும் ஒரு பாலிஃபீனால் உண்டு, குர்குமின்!

ராஜு: குடித்தால் இரத்தத்தில் சேர்வது சொற்பம். சேர்ந்ததையும் கல்லீரல் உருமாற்றி வெளியே தள்ளிவிடும்.

முத்து: இரத்தத்தில் சேராதது எங்கே போகும்?

ராஜு: பெருங்குடலுக்கு.

முத்து: (மேசையைத் தட்டி) நாம் பேசுவதே அந்த இடத்தைப் பற்றித்தானே அண்ணே!

ராஜு: (விழித்துவிட்டு) அதனால்தான் ஆராய்ச்சியாளர்களும் அதை விடவில்லை. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் இவற்றை உடைத்து வேறு பொருள்களாக்குகின்றன. அவை மனிதனைப் புற்றுநோயிலிருந்து காக்குமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. உன் பலகைக்கு மட்டும் உறுதியாகிவிட்டது.

முத்து: நல்லதாக ஒன்றாவது சொல்லக் கூடாதா?

ராஜு: 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தரக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2016இல் சொன்னது.

முத்து: அதற்குத்தானே இழுத்து இழுத்து ஆற்றுகிறேன்! இனி ஆற்றுக்கூலி தனி.

ராஜு: உனக்கு ஐம்பது தாண்டிவிட்டதல்லவா? குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று அறிய அரசாங்கக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். போனாயா?

முத்து: (குரலைத் தாழ்த்தி) அண்ணே, ஆட்கள் பசியாறுகிறார்கள்.

ராஜு: நீயே சிறிது எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும்.

முத்து: குப்பியில் பெயர் எழுதுவார்களா?

ராஜு: எழுதாமல்?

முத்து: உங்கள் பெயரை எழுதிக் கொடுக்கட்டுமா?

ராஜு: கொடு. இரத்தம் இருந்தால் என்னைப் படுக்கவைத்துக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். உன் குடல் தொந்தரவில்லாமல் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

முத்து: கிளினிக்கை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் அண்ணே?