நெப்டியூன் சடங்கு கடல் சட்டமா?

'பூமத்திய ரேகையை முதன்முறை கடக்கும் மாலுமி நெப்டியூன் சடங்கைச் செய்தே ஆக வேண்டும், அது சர்வதேச கடல் சட்டம், அதைச் செய்ததற்கான சான்றிதழ் இல்லாவிட்டால் பதவி உயர்வு கிடையாது' என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

கடல் தேவன் நெப்டியூன் பெயரில் கப்பலில் நடக்கும் இந்தச் சடங்கு உண்மைதான், பழையதும்கூட. 1529-இல் சுமத்ராவுக்குப் போன பிரெஞ்சுக் கப்பல்களின் பயணக் குறிப்பிலேயே ரேகையைக் கடந்த கொண்டாட்டம் பதிவாகியிருக்கிறது. 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் சார்லஸ் டார்வினுக்கும் இது நடந்தது. கண்ணைக் கட்டி, முகத்தில் தாரும் பெயின்ட்டும் பூசி, இரும்புப் பட்டைத் துண்டால் சுரண்டி, அப்புறம் தண்ணீர் நிரப்பிய பாய்த்துணிக்குள் தலைகுப்புறத் தள்ளினார்கள். அவர் மாலுமியே இல்லை, இயற்கை ஆய்வுக்காகக் கூடப் போனவர். சட்டம் கேட்டதால் அல்ல, கப்பலின் வழக்கம் அப்படி என்பதால்தான் அவரும் சிக்கினார்.

சரி, சான்றிதழ்? நெப்டியூன் பெயரில் கப்பலிலேயே எழுதித் தரும் நினைவுப் பத்திரம் அது. அழகான பொருள், பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாலுமியின் தகுதியைத் தீர்மானிப்பவை பயிற்சி, கடற்பணி அனுபவம், தேர்வு ஆகியவைதான். இதற்கான அடிப்படை விதிகள் சர்வதேச கடல்சார் அமைப்பின் 1978 உடன்படிக்கையில் இருக்கின்றன. தகுதிச் சான்றிதழ் வழங்குவது அந்தந்த நாட்டு அரசு.

இந்தப் பொய்யால் முதல் பயணம் போகும் பிள்ளைகள்தான் பாதிக்கப்படுகிறார்கள். 'சட்டம்' என்று சொல்லி அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ வாயைமூடிப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. தயங்காமல் மறுக்கலாம், கேப்டனிடம் புகாரும் கொடுக்கலாம்.