பழைய புடவைக்கு அடுத்த வேலை என்ன?

நேற்று தங்கை மகள் போன் செய்தாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். "பெரியம்மா, பாட்டியோட அந்த அரக்கு சுங்குடிப் புடவைய தூளிக்கு எடுத்து வச்சிருங்க" என்றாள். கடையில் விதவிதமாகத் தொட்டில் விற்கிறது, அவளிடம் வாங்கப் பணமும் இருக்கிறது. ஆனாலும் முப்பது வருஷம் உடுத்தித் துவைத்து நிறம் மங்கிப்போன புடவையைக் கேட்டாளே, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உடனே எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தூளி என்றால் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. பழைய புடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. கொசுவம் தரையில் உரசும் அடிப்பக்கமும், இடுப்பில் செருகும் இடமும் முதலில் போய்விடும். அங்கே இழை விலகி வெளிச்சம் கண்ணில் அடிக்கும். முந்தானை மட்டும் கடைசிவரை கெட்டியாக இருக்கும். இந்தப் புடவையில் அடிக்கரை ஒரு சாண் அகலத்துக்கு நைந்திருந்தது, மற்றபடி நெசவு உறுதியாக இருந்தது. கரையைக் கிழித்தேன். சர்ரென்று ஒரே கோடாகக் கிழிந்தது. நல்ல பருத்தி அப்படித்தான், கத்தரிக்கோலே வேண்டாம்.

பழைய துணியில் என்ன செய்யலாம் என்று இப்போது எங்கே திரும்பினாலும் வீடியோ. ஜீன்ஸ் காலில் தோள்பை, சட்டையில் தலையணை உறை, டி-ஷர்ட்டில் மிதியடி. நானும் ஆசையாகப் பார்க்கிறவள்தான், பலதைச் செய்தும் இருக்கிறேன். ஆனால் அந்தத் துணி என்ன துணி என்று முக்கால்வாசி வீடியோக்களில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு எட்டு முழ வேட்டி எத்தனை வேலை பார்த்தது தெரியுமா? கரை நைந்ததும் பாதியாகக் கிழித்துத் துண்டு. இன்னும் மெலிந்ததும் மொட்டை மாடியில் விரித்து அதன்மேல் கூழ் வடாம். காய்ந்த பிறகு வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, துணி ஈரத்தை இழுத்ததும் ஒவ்வொன்றாக உரிப்பார். நல்ல பகுதியைச் சதுரமாக வெட்டி இட்லித் துணி. பிறந்த குழந்தைக்கு இடுப்புத் துணியும் அதுதான், புதுத் துணியின் கஞ்சி விறைப்பு பிஞ்சு உடம்புக்கு ஆகாது என்பார். தண்ணீர் எடுக்கப் போகும்போது குடத்துக்குக் கீழே சும்மாடு, அடுப்பில் கரித்துணி. கடைசியில் மிஞ்சும் சுத்தமான கீற்றைத் தொடையில் வைத்து உருட்டி விளக்குத் திரி.

இத்தனை வேலையும் நடந்தது அந்த வேட்டி பருத்தி என்பதால். பருத்தி தண்ணீரைக் குடிக்கும். துவைக்கத் துவைக்க மிருதுவாகும், சூட்டில் உருகாது, காற்றை விடும். பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது தண்ணீரை உள்ளே வாங்காது. பாலியஸ்டர் சட்டையைக் கிழித்துத் தரை துடைத்துப் பாருங்கள், ஈரத்தைத் தள்ளிக்கொண்டே போகும். கரித்துணியாக்கிச் சூடான பாத்திரத்தைப் பிடித்தால் கையோடு ஒட்டும், ஆபத்து. சந்தேகமாக இருந்தால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து மிருதுவான சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் செயற்கை இழை.

அப்படியானால் சிந்தெடிக் புடவைகளைத் தூக்கிப் போடுவதா? வேண்டாம். இழுவைக்குத் தாங்கும், சீக்கிரம் காயும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். காய்கறிப் பைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஒரு புடவை ஐந்தரை மீட்டர் இருக்கும். இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தாலே வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போதுமான பைகள் வந்துவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. நல்ல விஷயம். ஆனால் பீரோ நிறையத் துணியை வைத்துக்கொண்டு, துணிப்பையைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

டி-ஷர்ட்டுக்கு வருகிறேன். பனியன் துணி ஓரம் பிரியாது, இழுத்தால் தானாகச் சுருளும். அதனால் மிதியடிக்கு அருமை. இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, மூன்று கீற்றைச் சடை பின்னி, சடையைத் தரையில் வைத்துச் சுற்றிக்கொண்டே ஊசியால் பிணைத்துப் போக வேண்டும். மடியில் வைத்துத் தைத்தால் கை தானாக இழுக்கும், மிதியடி கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். ஜீன்ஸ் தைப்பவர்கள் பதினாறாம் நம்பர் ஊசி போடுங்கள், சாதா ஊசி தடித்த மடிப்பில் ஒடியும்.

அப்புறம், "யாருக்காவது கொடுத்துவிடலாமே" என்பவர்களுக்கு. கொடுங்கள், நல்லதாகக் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் நிவாரணம் என்று வந்த பழைய துணிகள் சாலையோரம் மலைபோலக் கிடந்ததை மறக்க முடியுமா? வீட்டை இழந்து நின்றவர்களுக்குக் கிழிசலை அனுப்புவது தர்மம் இல்லை. டெல்லியில் அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, வரும் துணியைத் தரம் பிரித்துத்தான் அனுப்புகிறது. உடுத்த முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கொடுக்கிறது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அங்கேயும் பாருங்கள், பருத்திதான் கைகொடுக்கிறது.

போகியில் எரிப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். செயற்கை இழையை எரித்தால் நச்சுப்புகை. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

அதனால் கடையில் துணி எடுக்கும்போதே, இது நைந்த பிறகு என்னவாகும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள் என்று என் பெண்ணிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன். பருத்தி விலை கூடுதல்தான், இஸ்திரி வேலையும் உண்டு. அதன் பிறகு பத்து வருஷம் உழைக்கப்போவதையும் கணக்கில் சேருங்கள்.

துவைத்துப் போட்ட சுங்குடி காய்ந்துவிட்டது, மடித்து வைத்திருக்கிறேன். கிழித்த கரை இட்லித் துணிக்கு ஆகாது, சாயத் துணி. ஜன்னல் துடைக்க வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பழைய துணி கடைசியாக என்ன வேலை பார்த்தது? எழுதுங்கள், முக்கியமாக உங்கள் அப்பத்தா, அம்மாச்சி செய்ததை.