பட்ட மரம் இல்லாத காடு

பின்லாந்தின் நிலத்தில் முக்கால் பங்கு காடு. 1970களில் அந்தக் காடுகளில் நின்ற மரத்தின் மொத்த அளவு சுமார் 150 கோடி கன மீட்டர். இன்று அது 250 கோடியை ஒட்டி நிற்கிறது. வெட்டுவதைவிட வளர்வது அதிகம் என்று அந்த நாட்டு மரத்தொழில்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். கணக்குப்படி அது சரிதான். ஆனால் 2018ல் அதே நாட்டு நிபுணர்கள் காட்டு வாழிடங்களை வகைவாரியாக மதிப்பிட்டபோது, 76 சதவீத வகைகள் ஆபத்தில் இருப்பதாக முடிவு வந்தது. அடுத்த ஆண்டு வெளியான சிவப்புப் பட்டியலில் அழியும் நிலையில் இருப்பவை என்று 2,667 உயிரினங்கள் இடம்பெற்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காட்டைச் சேர்ந்தவை.

மரம் கூடிக்கொண்டே போகிறது, காட்டில் வாழ்பவை குறைந்துகொண்டே போகின்றன. இது எப்படி நடக்கும் என்பதை எனக்குத் தெளிவாகப் புரியவைத்தவர் இல்க்கா ஹன்ஸ்கி. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய சூழலியலாளர். 1953ல் பிறந்தார், 2016ல் மறைந்தார். அவரை உலகம் அறிந்தது ஒரு பட்டாம்பூச்சியால். காட்டைப் பற்றி அவர் சொன்னவை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பட்டாம்பூச்சியைச் சொல்லாமல் காட்டுக்குப் போக முடியாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையில் ஓலாந்து என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே சுமார் 4,000 சிறு புல்வெளிகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் கிளான்வில் ஃபிரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சி வாழ்கிறது. அதன் புழுக்கள் கூட்டமாகப் பட்டுநூல் கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும். 1990களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் குளிர் வருவதற்கு முன், ஹன்ஸ்கியின் மாணவர்கள் புல்வெளி புல்வெளியாக நடந்து அந்தக் கூடுகளை எண்ணினார்கள். எந்த ஒரு புல்வெளியிலும் இந்தப் பூச்சி நிரந்தரமாக இருப்பதில்லை என்பது அதில் தெரிந்தது. ஒரு புல்வெளியில் அழியும், பக்கத்தில் இருந்து பறந்து வரும் பூச்சி இன்னொன்றில் குடியேறும். அழிவைவிடக் குடியேற்றம் குறையாமல் இருக்கும்வரை இனம் பிழைக்கும். புல்வெளிகள் மிகவும் குறைந்து, ஒன்றுக்கொன்று மிகவும் தள்ளிப்போனால், நல்ல புல்வெளிகள் மிச்சம் இருக்கும்போதே அந்த இனம் மொத்தமாகப் போய்விடும். இதைக் கணக்காக எழுதிக் காட்டியதற்குத்தான் 2011ல் அவருக்குக் கிராஃபோர்ட் பரிசு கிடைத்தது.

இப்போது அந்தப் புல்வெளியின் இடத்தில் ஒரு பட்டுப்போன மரத்தை வைத்துப் பாருங்கள்.

வடக்கத்திய ஊசியிலைக் காட்டில் மனிதன் கைவைக்காத பகுதிகளில் ஒரு ஹெக்டேருக்கு 60 முதல் 120 கன மீட்டர் வரை பட்ட மரம் கிடக்கும். நின்றபடி காய்ந்தது, புயலில் விழுந்தது, தீயில் கருகியது, பாசி மூடி மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருப்பது என எல்லாம் சேர்த்து. தென் பின்லாந்தின் தொழில்முறைக் காடுகளில் அது சராசரியாக ஒற்றை இலக்கம்தான். அந்த நாட்டில் 4,000 முதல் 5,000 இனங்கள் பட்ட மரத்தை நம்பி வாழ்கின்றன. காட்டு உயிரினங்களில் நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று. வண்டுகள், பூஞ்சைகள், அந்த வண்டுப் புழுக்களைக் கொத்தித் தின்னும் மரங்கொத்திகள், மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் குடியேறும் பறக்கும் அணில் என்று சங்கிலி நீளும். ஒரு வண்டுக்கு நேற்று விழுந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் வேண்டும், பட்டை இன்னும் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பூஞ்சைக்கு இருபது முப்பது ஆண்டு கிடந்து மெத்தென்று ஆன தடி வேண்டும். விழுந்த மரம் மக்கிக்கொண்டே போவதால் எந்த உயிருக்கும் அங்கே நிரந்தர வீடு கிடையாது. பக்கத்தில் அடுத்த மரம் விழுந்தால்தான் அதற்கு எதிர்காலம்.

ஆனால் தோட்டம்போல் வளர்க்கும் காட்டில் மரம் விழ விடுவதே இல்லை. எண்பது நூறு வயதில் மொத்தமாக வெட்டி, நிலத்தைக் கிளறி, ஒரே வயதுக் கன்றுகளை நடுகிறார்கள். ஆஸ்பென் என்ற அகன்ற இலை மரத்தின் கதை இன்னும் கொடுமை. பைன் கன்றுகளை வளைத்துக் கெடுக்கும் ஒரு துருநோய்ப் பூஞ்சை ஆஸ்பெனிலும் வாழும் என்பதால், அந்த மரத்தையே குறிவைத்து ஒழித்தார்கள். பறக்கும் அணிலுக்குப் பொந்தும் உணவும் தருவது அந்த மரம். அரிய வண்டுகள் பலவற்றுக்கும் அதுதான் வீடு. எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யக் கரேலியாவில் ஆஸ்பென் தடிகளை ஆராய்ந்த பின்லாந்து ஆய்வாளர்கள், தங்கள் பக்கம் காணக்கிடைக்காத வண்டுகள் அங்கே சாதாரணமாக இருப்பதை 1990களிலேயே எழுதினார்கள். ஒரே தட்பவெப்பம், ஒரே மரம். வேறுபாடு கோடாரியில் மட்டும்தான்.

ஹன்ஸ்கி 2000ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தக் காடுகளுக்கு அழிவுக் கடன் என்ற கணக்கைப் பொருத்திப் பார்த்தது. காடு மாறிய அன்றே உயிரினங்கள் மறைந்துவிடுவதில்லை. சில இனங்கள் ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு தள்ளாடி நிற்கும். பார்க்கிறவருக்கு அது இன்னும் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பிழைக்கத் தேவையான அளவுக்குக் கீழே அதன் இடம் எப்போதோ போய்விட்டது. இன்று உயிரோடு காணும் சில இனங்கள் உண்மையில் முந்தைய தலைமுறையின் வெட்டுக்கான விலையை இனிமேல் கட்டப்போகிறவை. அந்தக் கட்டுரையில் ஒரு நம்பிக்கையும் உண்டு. அந்த இனங்கள் இன்னும் மறையாததால், இப்போதே இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவற்றைக் காப்பாற்றலாம். இவ்வளவு தெளிவான எச்சரிக்கை கையில் இருந்தும் வேலை மெதுவாக நடப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

எங்கே கொடுப்பது என்பதில்தான் சண்டையே. 1996ல் வந்த வனச்சட்டம் ஊற்றுக்கரை, ஓடைக்கரை போன்ற சிறு இடங்களைக் காக்கச் சொன்னது. பெரும்பாலும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான துண்டுகள் அவை. பொறுப்பாக வளர்த்த மரம் என்று சான்றிதழ் தரும் அமைப்புகளின் விதிகள் வெட்டிய நிலத்தில் சில மரங்களை விட்டுவைக்கச் சொல்கின்றன. இவை கெட்டவை அல்ல, ஆனால் ஹன்ஸ்கியின் கணக்கில் இவை பாதுகாப்பை நாடு முழுக்க மெலிதாகத் தூவுவது மாதிரி. எந்த இடத்திலும் தேவையான அளவு சேராது. பெரிய பாதுகாப்புக் காடுகளோ அதிகமும் வடக்கே, லாப்லாந்தில் இருக்கின்றன. இனங்கள் அதிகம் வாழும் தெற்கில் மிகக் குறைவு. அதனால் அவர் வேறொரு வழியைச் சொன்னார். நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் மூன்றில் ஒரு பங்கை முழுமையாகப் பாதுகாக்கலாம். மொத்தத்தில் அது பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். துண்டுகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும், நடுவில் உள்ள நிலத்தில் மனிதர்கள் வழக்கம்போல் பிழைப்பு நடத்தலாம்.

இதில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. அங்கே காட்டின் பெரும்பகுதி தனியார் குடும்பங்களுடையது. பேரப்பிள்ளை படிப்புக்கோ வீட்டுக்கூரைக்கோ நாலு ஏக்கர் மரத்தை விற்கிறவரைக் குற்றவாளி ஆக்க எனக்கு விருப்பமில்லை. 2008ல் தொடங்கிய மெட்சோ திட்டம் விரும்பி முன்வரும் உரிமையாளருக்குப் பணம் கொடுத்துக் காட்டைப் பாதுகாக்கிறது. நல்ல திட்டம், மனக்கசப்பு இல்லாமல் நடக்கிறது. ஆனால் யார் முன்வருகிறாரோ அந்த இடம்தான் கிடைக்கும் என்றால் துண்டுகள் மறுபடி சிதறித்தான் கிடக்கும். மதிப்புள்ள பழங்காட்டுக்கு அருகில் உள்ளவர்களுக்குக் கூடுதல் விலை கொடுத்து இணைக்க வேண்டும் என்பது என் கருத்து. காகிதக்கூழுக்கு இந்த ஆண்டு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறு மரம் கிடைக்கும். இருநூறு வயது ஆஸ்பெனுக்கு மாற்று கிடைக்க இருநூறு ஆண்டு ஆகும்.

அப்புறம் இப்போது நடப்பது. எஞ்சியிருக்கும் பழங்காடுகள் அனைத்தையும் கடுமையாகப் பாதுகாக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020ல் தன் பல்லுயிர்க் கொள்கையில் எழுதியது. உடனே எது பழங்காடு என்ற கேள்வி வந்தது. பின்லாந்து அரசு வகுத்த அளவுகோலை அந்த நாட்டு ஆய்வாளர்களே கடுமையாக எதிர்த்தார்கள். மரத்தின் வயதும் பட்ட மரத்தின் அளவும் அவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டால், தெற்கில் ஏறக்குறைய எந்தக் காடும் தேறாது. நூற்றாண்டாகப் பட்ட மரத்தை அகற்றிய காட்டில் பட்ட மரம் போதவில்லை என்று காரணம் காட்டிப் பாதுகாப்பை மறுப்பது அநியாயம். தெற்கில் மிஞ்சியிருக்கும் நல்ல காடு எதுவானாலும், அளவுகோலில் கொஞ்சம் குறைந்தாலும், இப்போதே வெட்டை நிறுத்த வேண்டும். கீழே விழும் மரத்தை விழுந்த இடத்தில் கிடக்க விட வேண்டும். மீதியை அந்தக் காடே ஐம்பது ஆண்டில் செய்துகொள்ளும், அந்த வண்டுகள் அதுவரை பக்கத்தில் எங்காவது உயிரோடு இருந்தால்.