பட்டன்ஸ் சும்மா விழவில்லை

நேற்றுச் சாயங்காலம் என் தம்பி மகள் கைப்பேசியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பட்டன்ஸ்! 'அனிமேனியாக்ஸ்' என்ற பழைய கார்ட்டூனில் வரும் நாய். கட்டடம் எழும்பும் இடத்தில் ஓர் இரும்புச் சட்டத்தில் தொங்குகிறது, வழுக்குகிறது, தலைகுப்புற விழுகிறது. அவ்வளவுதான். அரை நிமிடத்தில் அந்தத் துண்டு முடிந்து, அடுத்த துண்டில் ஏதோ ஒரு பூனை எங்கிருந்தோ விழத் தொடங்கிவிட்டது.

"அந்த நாய் ஏன் விழுந்தது, கண்ணு?" என்று கேட்டேன்.

"தெரியாது அத்தை. அது சும்மா விழும்."

சும்மா விழுமாம்! அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. குழந்தையின் மேல் கோபமில்லை. அவளுக்கு ஏழு வயது. கையில் கொடுத்ததைத்தான் பார்க்கிறாள். கதையைக் கறிக்கோழி வெட்டுவதுபோல் வெட்டி, விழுகிற துண்டை மட்டும் பிள்ளைகளுக்குப் போடுகிறவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம்.

பட்டன்ஸ் ஒரு நாளும் சும்மா விழுந்ததில்லை. மிண்டி என்று ஒரு பொடிக்குழந்தை. அம்மா அவளைத் தோட்டத்து மரத்தோடு வாரால் இணைத்துவிட்டு, "பார்த்துக்கொள்" என்று பட்டன்ஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாள். குழந்தை எதையாவது கண்டு அதன் பின்னால் நழுவிவிடும். சாலை, கட்டடம், இயந்திரம், எங்கே ஆபத்தோ அங்கே சிரித்த முகத்தோடு போய் நிற்கும். அவள் மேல் விழவேண்டிய ஒவ்வொரு அடியையும் ஓடிப்போய்த் தன் முதுகில் வாங்கிக்கொள்வது பட்டன்ஸ். கடைசியில் பிள்ளை ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்துவிடும். அப்போது அம்மா வெளியே வருவாள். அவள் கண்ணில் படுவது மிதிபட்ட பூச்செடி. பட்டன்ஸைத் திட்டித் தீர்ப்பாள். அந்த வாயில்லா ஜீவன் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் காது தொங்குவதற்காகத்தானே அவ்வளவு நேரம் அது விழுந்து எழுந்தது! அதை வெட்டிவிட்டால் மிச்சம் என்ன? அடிபடும் ஒரு நாய். நாய் அடிபடுவதைப் பார்த்துச் சிரிக்கப் பிள்ளைகளுக்குப் பாடமா நடத்துகிறீர்கள்?

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தவள். வீட்டுக்கு மூத்த பெண். அப்பாவும் அம்மாவும் இருட்டோடு எழுந்து, வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். தம்பிக்கு மைலோ கலக்கிக் கொடுப்பது, சட்டை மாட்டிவிடுவது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் கால்வாய்ப் பக்கம் இறங்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் தலையில். ஒருநாள் செம்பனைக் குலை ஏற்றிப் போன லாரியின் பின்பக்கச் சங்கிலியைப் பிடித்துத் தொங்க ஓடினான். துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் என் மேல் விழுந்தான், நான் செம்மண் சாலையில் விழுந்தேன். முட்டி பெயர்ந்து இரத்தம் கொட்டியது. அவன் சட்டைப் பை கிழிந்து ஒரு நூலில் தொங்கியது. அம்மா வேலை முடிந்து வந்ததும் அவர் கண்ணில் பட்டது அந்தப் பைதான். புதுப் பள்ளிச் சட்டை, கடன் சொல்லி வாங்கியது. அம்மாவைக் குறை சொல்லமாட்டேன், அந்த உடம்பில் அன்றைக்கு என்ன மிச்சமிருந்திருக்கும்? ஆனால் முதுகில் விழுந்தது எனக்குத்தான் தெரியும்.

கோலாலம்பூரில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு வீசிடி பெட்டியும் சில வட்டுகளும் கொண்டுவந்தது அதற்கு அடுத்த ஆண்டோ என்னவோ. அதில்தான் முதன்முதலாகப் பட்டன்ஸைப் பார்த்தேன். அந்த அம்மா திட்டும் இடம் வந்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய் அழுதேன். என்னைப்போல் இன்னொரு ஜீவன் இந்த உலகத்தில் இருக்கிறது என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அந்த நாய். அதைத்தான் "சும்மா விழும்" ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த நிகழ்ச்சிதான் 'அனிமேனியாக்ஸ்'. 1993 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கி 1998 வரை 99 பாகங்கள் வந்தன. உருவாக்கியவர் டாம் ரூகர். தயாரிப்பில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் பெயர் முதலில் வரும். இதெல்லாம் அன்றைக்கு எங்களுக்கு எங்கே தெரியும்? எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு வட்டைப் போட்டால் யாக்கோ, வாக்கோ, டாட் என்று மூன்று உடன்பிறப்புகள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்திலிருந்து குதித்து வருவார்கள். அவர்களுக்குப் பிறகு யார் வருவார்கள் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். உலகத்தைப் பிடிக்கத் திட்டம் போடும் எலி பிரெய்னும் அதைக் கெடுக்கும் இன்னோர் எலி பிங்கியும் வரலாம். கிழட்டு அணில் ஸ்லாப்பி வரலாம். பாட்டுப் பாடும் பூனை ரீட்டாவும், அதையும் தன்னைப்போல் ஒரு நாய் என்றே நம்பிக்கொண்டிருக்கும் ரண்ட் என்ற நாயும் வரலாம். பட்டன்ஸ் வராத நாளும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் முகம் தொங்கிப்போகும். அடுத்த வட்டுக்குக் கெஞ்சுவோம். அந்த ஏக்கத்துக்கு ஒரு ருசி இருந்தது.

மூன்று புறாக்கள் வரும் பகுதி எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. எப்போதும் சண்டை, எப்போதும் வாய். பெரியவர்கள் பார்க்கும் ரவுடிப் படத்தைக் கேலி செய்கிறது என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அது இருக்கவேண்டும். பிடிக்காத ஐந்து நிமிடத்தை உட்கார்ந்து கடந்தால்தான் பிடித்தது வரும்போது மனம் துள்ளும். சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காயை மட்டும் பொறுக்கித் தட்டில் வைத்து, இதுதான் சாம்பார் என்று ஒருவன் நீட்டினால் ஏற்றுக்கொள்வீர்களா?

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். எங்கள் லயத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்த ஆங்கிலம் புரியாது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நாங்கள். வகுப்பில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அந்த வேகமான பேச்சைப் பிடிக்கவே முடியாது. பிறகு எப்படிப் பார்த்தோம்? திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்ததால் பார்த்தோம்! சிக்கன் பூ என்று ஆளுயரக் கோழி ஒன்று மனிதனைப்போல் உடுத்திக்கொண்டு ஊருக்குள் பெரிய மனிதனாக உலவும். கோழி என்று ஒரே ஒருவன் கத்துவான், யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில் வேடம் கலையும், ஊரே துரத்தும். முதல் தடவை விழித்தோம். இரண்டாம் தடவை சந்தேகப்பட்டோம். மூன்றாம் தடவை பெட்டிக்குள் இருந்தவன் வாயைத் திறக்கும் முன்பே பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே குரலில் "கோழி! கோழி!" என்று கத்தினோம். பக்கத்து வீட்டுத் தாத்தா என்னமோ ஏதோ என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். பிங்கி தினமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பிரெய்ன் தினமும் ஒரே பதிலைச் சொன்னதால்தான், அந்த வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்தோம். நான் முதலில் பிழையில்லாமல் பேசிய ஆங்கில வாக்கியம் ஓர் எலி சொன்னது. சத்தியமாகச் சொல்கிறேன். பாட்டி கதையில் ராஜாவுக்கு ஏழு மனைவி வந்தாலே முடிவு தெரிந்துவிடும். தெரிந்தும் கேட்டோமே, அதே உறவுதான் இதுவும்.

இந்தத் திரும்ப வருதலைத்தான் இன்றைக்கு வெட்டித் தள்ளுகிறார்கள். துண்டு துண்டாகப் பார்க்கும் பிள்ளைக்கு எது முதல் தடவை, எது மூன்றாம் தடவை? எதை அவள் எதிர்பார்ப்பாள்? மிண்டி எந்தப் பெரியவரைக் கண்டாலும் "ஏன்? ஏன்?" என்று கேட்டே சாகடிப்பாள். அந்தக் குழந்தை வரும் கதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு, ஏன் என்று ஒரு தடவை கேட்கக்கூடத் தோன்றவில்லை.

சரி, கைப்பேசித் துண்டுகள் வேண்டாம், காசு கட்டி முழுசாகப் பார்ப்போம் என்று ஓர் இணைய ஒளிபரப்புச் சேவைக்கு மாதச் சந்தா எடுத்தேன். அங்கே நடப்பது இதைவிட மோசம். தொடக்கப் பாட்டு வந்ததும் "தவிர்" என்று ஒரு பொத்தான் முளைக்கிறது. அந்தப் பாட்டின் கடைசியில் ஒரு வரி பாகத்துக்குப் பாகம் மாறும். இன்றைக்கு என்ன பாடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதைத் தவிர்க்கச் சொல்கிறது பொத்தான்! முடிவில் இன்னும் அநியாயம். பணியாற்றியவர்களின் பெயர்கள் ஓடும்போதே, அவற்றுக்கு நடுவில் ஒரு குறும்பையும் ஒளித்து வைத்திருப்பார்கள். எல்லாம் ஓடி முடிந்த பிறகு கோபுரத்தின் கதவு திறந்து, கடைசியாக ஒரு சேட்டை நடக்கும். பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கென்றே எடுத்து வைத்த பலகாரம் அது. இப்போது பெயர் ஓடத் தொடங்கியதும் படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி ஒரு மூலைக்குப் போகிறது. ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக்கை ஓடுகிறது. அடுத்த பாகம் வந்து தலையில் விழுகிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் நிஜமான இசைக்குழுவை உட்காரவைத்து வாசித்துப் பதிந்தார்கள். அதை நடத்திய ரிச்சர்ட் ஸ்டோன் இன்று உயிரோடு இல்லை. அவர் பெயரைப் படிக்க ஐந்து விநாடி தரமாட்டீர்களா?

அந்தச் சேவைக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அமைப்புகளுக்குள் போய் மாற்றலாம் என்றார்கள். மாற்றினேன். மறுநாள் பழையபடி ஓடியது. மறுபடியும் கேட்டேன். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் விரைவாக அடுத்த பாகத்துக்குப் போவதையே விரும்புகிறார்கள் என்று அந்தப் பெண் பவ்வியமாகச் சொன்னார். என்னிடம் காசு வாங்கும்போது பெரும்பாலானவர்களைக் கேட்டா வாங்கினீர்கள்?

தம்பியிடம் புலம்பினால், "கார்ட்டூன்தானே அக்கா, இதற்குப் போய்" என்கிறான். இதைச் சொல்கிறவன் யார்? லயத்து வாசலில் பிங்கியாக நடித்து என் உயிரை வாங்கியவன். லாரிச் சங்கிலியில் தொங்கப் போனவன். ஈப்போவில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவன் பிள்ளை கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் "தானே" என்ற அந்தச் சொல்லை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

2020 நவம்பரில் இந்த நிகழ்ச்சியைப் புதிதாகத் தயாரித்து மறுபடி கொண்டுவந்தார்கள். எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தேன் தெரியுமா? மூன்று உடன்பிறப்புகள் வந்தார்கள், இரண்டு எலிகள் வந்தன. ஸ்லாப்பிக்குத் தனிப் பகுதி இல்லை. ரீட்டாவுக்கும் ரண்டுக்கும் இல்லை. பட்டன்ஸுக்கு இல்லை. உருவாக்கிய டாம் ரூகரையே சேர்த்துக்கொள்ளவில்லை. நன்றாக ஓடிய குதிரைகளை மட்டும் லாயத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அவிழ்த்துவிட்ட கதை. 2023-இல் அதுவும் முடிந்துபோனது.

இன்று பள்ளி விட்டு வந்ததும் கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்தேன். தொலைக்காட்சியில் பழைய பாகத்தைத் தேடிப் போட்டு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். முதலில் நெளிந்தாள். இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போனாள். புறாக்கள் வந்தபோது கொட்டாவி விட்டாள். பட்டன்ஸ் வந்ததும் நிமிர்ந்தாள். விழும்போதெல்லாம் நேற்றுப்போலவே சிரித்தாள். பிறகு அந்த அம்மா வெளியே வந்தாள். திட்டினாள். பட்டன்ஸ் தலையைக் குனிந்தது.

"ஏன் அத்தை, அந்த அம்மா திட்டுகிறார்? அதுதானே பாப்பாவைக் காப்பாற்றியது!"

ஏன் என்று கேட்டுவிட்டாள்! அவள் கண் கலங்கியிருந்தது. உதடு துடித்தது. வா என்று மடியில் இழுத்துக்கொண்டேன். இரு கண்ணு, இன்னும் கொஞ்சம் இருக்கிறது, கடைசியில் அந்தக் கோபுரத்துக் கதவு திறக்கும் பார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் மூலைக்குச் சுருங்கியது. ரிமோட் அவளுடைய பள்ளிப் பைக்கு அடியில் கிடந்தது. நான் அதை இழுத்து எடுப்பதற்குள் அடுத்த பாகம் தொடங்கிவிட்டது.