30 சென்ட் பெட்ரோல் உண்மைதான், ஆனால்...

"1958ல் அமெரிக்காவில் பெட்ரோல் காலன் 30 சென்ட், ஹாம்பர்கர் 15 சென்ட், யாருக்கும் பணக்கஷ்டமே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விலைகள் கிட்டத்தட்ட சரி. கடைசி வரிதான் தவறு.

விலையை மட்டும் சொல்லி சம்பளத்தை விட்டுவிட்டால் எந்தக் காலமும் பொற்காலம்தான். அன்று மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர். அதுவும் எல்லோருக்கும் இல்லை: பண்ணைக் கூலிகள், ஓட்டல் ஊழியர்கள், கடைச் சிப்பந்திகளில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. 15 சென்ட் ஹாம்பர்கரைச் சுட்டுக் கொடுத்த பையனும் அப்படித்தான் இருந்திருப்பான். விலைவாசி அன்றிலிருந்து சுமார் பத்து மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கில் 30 சென்ட் என்பது இன்றைய 3 டாலருக்குச் சற்று மேல். அதாவது, அண்மை ஆண்டுகளில் அமெரிக்க பங்க்குகளில் இருந்த விலையை ஒட்டியதுதான்!

டிவியைப் பாருங்கள். 1956ல் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க டிவி நிறுவனத்தின் மலிவான 21 அங்குல கலர் செட்டே 495 டாலர். மணிக்கு 1 டாலர் வாங்குகிறவர் வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் மூன்று மாதச் சம்பளம். அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலான நிகழ்ச்சிகள் கறுப்பு வெள்ளைதான்.

இன்னொன்று, 1958 சரியான மந்த ஆண்டு. அந்த ஜூலையில் வேலையின்மை 7.5 சதவீதம். பழைய விளம்பரப் படங்களில் இது தெரியாது.