ஆக்டேவியஸ் கிரானடியை எத்தனை பேருக்குத் தெரியும்?

சிகாகோ மாஃபியா என்றாலே 1920-களின் கும்பல் தலைவன் அல் கபோனின் தொப்பியும் சுருட்டும் போட்ட படங்களைத்தான் பகிர்கிறார்கள், ஏதோ ஏழைப்பங்காளன் மாதிரி. பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

கிரானடி ஒரு கறுப்பின வழக்கறிஞர். 1928 ஏப்ரல் 10-ஆம் தேதி நடந்த உட்கட்சித் தேர்தலில், 20-வது வார்டில், மேயர் தாம்சனின் கூட்டாளியான மோரிஸ் எல்லரை எதிர்த்து நின்றார். வாக்குப்பதிவு நாளிலேயே காரில் துரத்திச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஒரு செனட்டர் வீட்டிலும் ஒரு நீதிபதி வீட்டிலும் குண்டு வெடித்திருந்தது.

கபோன் வந்துதான் சிகாகோ கெட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். அவன் பிறப்பதற்கு முன்பே, 1879-ல், சூதாட்ட விடுதி நடத்திய மைக் மெக்டொனால்டின் தயவில் ஒருவர் மேயராக வந்தார். பிறகு முதல் வார்டை காஃப்லின், கென்னா என்ற இரண்டு கவுன்சிலர்கள் கையில் வைத்திருந்தார்கள். விபசார விடுதிக்காரர்கள் மாமூல் கட்டினால் போலீஸ் எட்டிப் பார்க்காது. அந்தக் கவுன்சிலர்களுக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுத்து வளர்ந்தவன்தான் கும்பல் தலைவன் கொலோசிமோ. அவன் டோரியோவை வரவழைத்தான், டோரியோ கபோனை வரவழைத்தான். 1920-ல் மதுவிலக்கு வந்தபோது மாமூல் வாங்கும் கைகள் எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தன. பணம்தான் பல மடங்கானது.

1929 காதலர் தினத்தில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கும் தண்டனை இல்லை. கபோன் 1931-ல் 11 ஆண்டு தண்டனை பெற்றது வருமான வரி ஏய்ப்புக்காக. அவன் உள்ளே போன பிறகும் அவனுடைய ‘அவுட்ஃபிட்’ கும்பல் அசையவில்லை. பல பத்தாண்டுகள் அதன் தலைமையில் இருந்த டோனி அக்கார்டோ 1992-ல் வயதாகித்தான் செத்தான்.

என்னை உலுக்குவது ஹாரி அலெமன் வழக்கு. 1972-ல் லாரித் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான் அவுட்ஃபிட்டின் இந்தக் கூலிக் கொலையாளி. நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் கண்ணெதிரே பார்த்தார். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. நீதிமன்றத்தில் ஏறி, இவன்தான் என்று கைகாட்டினார். ஜூரி (பொதுமக்களில் இருந்து எடுக்கும் நடுவர் குழு) இல்லாமல் விசாரித்த நீதிபதி ஃபிராங்க் வில்சன் 1977-ல் அலெமனை விடுதலை செய்தார். 10,000 டாலர் வாங்கியிருந்தார்! ஒரு சாட்சியின் உயிர்ப்பயத்துக்கு அவர் போட்ட விலை அவ்வளவுதான்.

இது ஒருவர் இருவர் கதையுமில்லை. 1980-களில் எஃப்பிஐ நடத்திய ‘கிரேலார்ட்’ விசாரணையில் சிகாகோ அடங்கிய குக் கவுன்டியின் நீதிபதிகள் 15 பேர் குற்றவாளிகள் என்று நிரூபணமானது.

வில்சனிடம் லஞ்சம் சேர்த்த வழக்கறிஞர் ராபர்ட் கூலியே பின்னால் எல்லாவற்றையும் சொன்னார். விடுதலையானவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க அமெரிக்க அரசியல் சாசனம் விடாது. ஆனால் நீதிபதியையே விலைக்கு வாங்கியவன் முதல் விசாரணையில் தண்டனை அபாயத்திலேயே இருக்கவில்லை, அதனால் அந்தப் பாதுகாப்பு அவனுக்குக் கிடையாது என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 1997-ல் அதே பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் சாட்சி சொன்னார். இந்த முறை ஜூரி இருந்தது. அலெமன் குற்றவாளி என்றது.